அக்கா கொடுத்த கிட்னிக்கு வந்த குளிர்

ஏற்காட்டில் மார்கழி மாதம் ஒருவன் நடுங்கினால் யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள். ஒரு கம்பளியைத் தூக்கி மேலே போடுவார்கள். இல்லையென்றால் கடுங்காப்பி போட்டுக் கொடுப்பார்கள். எனக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டையும் வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட செத்துப்போகும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து எஸ்டேட்டில் ஒருவருக்குப் புதிதாகக் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்திருக்கிறது. அவர் வீட்டுக்காரம்மா என்னைத் தேடி வந்து, "ஏனுங்ண்ணா, இனிமே நாங்க எதுக்கெல்லாம் பயப்படோணும்?" என்று கேட்டார். எனக்கு வாயால் சொல்ல வராது. பாதியை விழுங்கிவிடுவேன், மீதிக்குக் கை கால் வைத்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு வேலை. முன்பு மரமேறி மிளகு பறித்தவன். கிட்னி கெட்ட பிறகு, பறித்து வரும் காப்பிப் பழத்தை எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சர்க்கரையும் இல்லை, குடியும் இல்லை, ஏன் கெட்டது என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. சேலத்துக்கு இறங்குவதும் டயாலிசிஸ் செய்துகொண்டு ஏறுவதுமாக நான் நாராய்க் கிழிந்துகொண்டிருந்தபோது, கிளியூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா ருக்மணி ஒருநாள் வந்து, "எனக்கு ரெண்டு இருக்குதாமா. ஒண்ணு சும்மாதான கெடக்குது, எடுத்துக்க" என்றாள். ஏதோ வீட்டில் உபரியாகக் கிடக்கும் குடத்தைக் கொடுப்பதுபோல் சொன்னாள். மாமாவும் தடுக்கவில்லை. இப்படித்தான் அக்காவின் கிட்னி எனக்கு வந்தது.

அதன் பிறகு என் பிழைப்பு மாத்திரையில்தான் ஓடியது. காலையும் மாலையும் தவறாத நேரத்தில் மாத்திரை. கல்யாணப் பந்தியில் இலை போட்டிருந்தாலும் எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டுதான் வருவேன். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில், மாத்திரைக்கு நான் தண்ணீர்ச் சொம்பைத் தூக்குவதைப் பார்த்து அடுப்பு மூட்டுகிறவர்கள் உண்டு. அக்கா கொடுத்த பொருளை நான் கெடுத்துவிட்டேன் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்குக் கவலை.

அந்த மாத்திரை எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் காவலுக்கு ஒரு நாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து எது வந்தாலும் குரைக்கும், கடிக்கும். அக்காவின் கிட்னியும் அதற்கு வெளியாள்தான். அதனால் மாத்திரை கொடுத்து நாயைக் கட்டி வைக்கிறார்கள். விருந்தாளி நிம்மதியாக இருக்கலாம். ஆனால் நாயைக் கட்டிப்போட்ட வீட்டில் திருடனும் நிம்மதியாக நுழையலாம். குரைப்புச் சத்தம்கூடக் கேட்காது. காய்ச்சல் என்கிறோமே, அது பாதி இந்த நாயின் குரைப்புதான். என்னைப் போன்றவர்களுக்கு உள்ளே கிருமி பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நெற்றி சுடாமல் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். குளிர்காலத்தில் பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். அதனால் நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். கக்கூஸ் வெளியில் இருக்கிறது. பனியில் எழுந்து போக வேண்டுமே என்று ஒன்றுக்கு வருவதையும் அடக்கிக்கொண்டேன். போகும்போது கொஞ்சம் எரிந்தது. சூடு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குளிரில் எனக்கு மட்டும் சூடு எங்கிருந்து வந்து பிடிக்கும் என்று யோசிக்கவில்லை.

பிறகு நடுக்கம் வந்தது. அறுவடை நேரம். பறிக்கிற பெண்கள் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எடை சொன்னேன். "காத்து நொம்ப அடிக்குதுங்ண்ணா, தலைக்குக் கட்டிக்கங்க" என்று ஒரு பெண் தன் துண்டைக் கொடுத்தாள். சாயங்காலம் என் மனைவி சரசு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்ச இல்லீங்க. குளுருதான்" என்றாள். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு நிம்மதி. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் மத்தியானம் பனி விலகி நல்ல வெயில். சரசு களத்தில் காயப்போட்ட காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நானும் களத்து ஓரத்திலேயே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, தலையில் குல்லா. உடம்பு தூக்கிப் போட்டது. தராசு ஒன்று காட்ட நான் வேறொன்று சொன்னேனாம். திருத்தினவர்களைத் திட்டினேனாம். எனக்கு ஞாபகமில்லை. சரசு கிளறுகிற பலகையை அப்படியே போட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது.

"ஏனுங்க, காலு வெக்க முடியாத அளவுக்குக் களம் காயுது. உங்களுக்கு மட்டும் எப்படிங்க குளுரும்?"

நான் ஏதோ உளறினேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் ஓடிப்போய் ஜீப் கேட்டாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் டிரைவரைக் கூப்பிட்டுவிட்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் சரசுவின் மடியில் சாய்ந்து விழுந்தேன். மூச்சு இரைத்தது, மரம் ஏறி இறங்கினவனுக்கு இரைப்பதுபோல. நான் ஜீப்பில் சும்மாதான் கிடந்தேன்.

சேலம் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எல்லோரும் வியர்த்து விசிறிக்கொண்டிருக்க, நான் மட்டும் மலையிலிருந்து கரடி இறங்கி வந்ததுபோல் சால்வையும் குல்லாவுமாகக் கிடந்தேன். சிலர் சிரித்தார்கள். சரசு அந்த வாசலில் நுழைந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "கிட்னி மாத்துன ஒடம்புங்க. காய்ச்ச இல்லீங்க, ஆனா நடுக்கம் நிக்க மாட்டேங்குது, ஆளு ஒரு மாதிரிப் பேசறாருங்க." அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குக் கட்டிலைக் கொடுத்தது. இளம் டாக்டர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

அதன் பிறகு எல்லாமே ஓட்டம்தான். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்துப் பாட்டிலில் விட்டார்கள். அதைக் கதகதப்பில் வைத்து என்ன கிருமி முளைக்கிறது என்று பார்ப்பார்களாம். கல்ச்சர் என்று பெயர். முளைத்து வர நாளாகும். அதற்காக மருந்துக்குக் காத்திருக்க முடியாது என்று, எல்லா வகைக் கிருமிக்கும் சேர்த்து அடிக்கும் மருந்தை உடனே ஊசியில் ஏற்றினார்கள். லாக்டேட் என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை. உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் தவித்தால் அது ஏறும். எனக்கு ஏறியிருந்தது. நெஞ்சை, வயிற்றை, கிட்னியை எல்லாம் ஸ்கேன் செய்தார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவனுக்கு எந்தக் கிருமி எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாதாம். பூஞ்சைக் காளான்கூட இருக்குமாம். கடைசியில் குற்றவாளிக் கிருமி மூத்திரத்தில்தான் இருந்தது. அங்கே தொடங்கி, அக்காவின் கிட்னிக்குப் போய், ரத்தத்தில் கலந்துவிட்டது.

இதற்குச் செப்சிஸ் என்று பெயர் சொன்னார்கள். கிருமி ஓரிடத்தில் இருக்க, அதை எதிர்க்கப் போன உடம்பு நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது. எலியைப் பிடிக்கப் போனவன் கூரைக்குத் தீ வைத்த மாதிரி. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றியும் பிரஷர் நிற்கவில்லை என்பதால், அதைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தைக் கழுத்தில் குழாய் போட்டு ஏற்றினார்கள். ஐ.சி.யூ.வின் ஏசி காற்று எனக்கு மலைப்பனியாகவே தெரிந்தது. நர்ஸம்மாவிடம் கொஞ்சம் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டச் சொன்னேனாம். அவர் கோபிக்காமல், "மூட்டிடலாம், நீங்க கண்ண மூடுங்க" என்றாராம்.

மருந்து வேலை செய்ததோ என்னவோ, அடுத்த நாள் எனக்குப் புத்தி தெளிந்தது. தெளியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி, கிட்னி டாக்டரம்மா வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். தன்மையானவர். ஆபரேஷன் காலத்திலிருந்தே தெரியும்.

"உங்க எதிர்ப்புச் சக்தியைக் கட்டி வைக்கிற மாத்திரையில ஒண்ணை இப்போதைக்கு நிறுத்தறோம். இன்னொண்ணைக் குறைக்கறோம். ஸ்டீராய்டை மட்டும் நிறுத்த மாட்டோம், ஊசியில கூட்டிக் கொடுப்போம். ரொம்ப நாளா அதை வெளியில இருந்தே வாங்கிப் பழகிட்டதால, உங்க உடம்பு சொந்தமாச் சுரக்க மறந்திருக்கும்."

"நிறுத்துனா கிட்னி போயிருமேங்க."

"போகாம இருக்கப் பார்ப்போம். போகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்தக் கிருமியோட நீங்களும் கொஞ்சம் சண்டை போட்டாத்தான் மருந்து ஜெயிக்கும்."

அவர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அதுவே கோபமாக வந்தது. ஒரு வேளை மாத்திரை தவறினால் என்னென்ன ஆகும் என்று வருடக்கணக்காகப் பயமுறுத்தியவர் அதே டாக்டரம்மாதானே! நேரம் தவறாமல் போட்டவனை இப்போது நிறுத்து என்றால்? மாலை மாத்திரை நேரம் வந்தது, போனது. யாரும் மாத்திரை தரவில்லை. இடுப்பில் அக்காவின் கிட்னி இருக்கும் இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். அது பிள்ளையைப்போல் அழுவதாக எனக்கு ஒரு நினைப்பு.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் சரசு வந்தாள். முகத்தில் மாஸ்க், கண் மட்டும் தெரிந்தது. அவளுடைய பையில் என் மாத்திரை டப்பா எப்போதும் இருக்கும். நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் கிசுகிசுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு குடு. நாக்குக்கு அடியில வெச்சுக்கறேன்."

"டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லியிருக்காங்கல்லங்க."

"அவங்களுக்கென்ன, அது அவங்க அக்கா குடுத்ததா? குடு சரசு."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "எனக்கு நீங்க வேணுமுங்க" என்றாள்.

நான் ஈவிரக்கமில்லாமல் சொன்னேன். "அப்ப எங்க அக்காளுக்கு நீயே பதில் சொல்லிக்க."

அவள் வெளியே போனாள். போய் அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழுதிருக்கிறாள்தான், ஆனால் அழுதுகொண்டே கிளியூருக்கு, அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறாள். அதுவரை அக்காவுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

அன்று சாயங்காலத்துக்குள் அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள், மாமாவையும் இழுத்துக்கொண்டு. மாமாவுக்கு ஆஸ்பத்திரி வாசம் ஆகாது. கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், நான் வீடு திரும்பும் வரை பகலெல்லாம் அங்கேயே இருந்தார். அக்காவுக்கு நீலக் கவுன் மாட்டி, கை கழுவ வைத்து உள்ளே விட்டார்கள். கவுன் அவளுக்குப் பெரிது. தடுக்கித் தடுக்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி ஆனது என்று தெரியவில்லை, மாஸ்க் மறைத்துவிட்டது. குரல் மட்டும் வழக்கம்போல் அதட்டியது.

"என்னடா, மாத்திரையத் திருடித் திங்கறியாமா?"

"அக்கா, நிறுத்தச் சொல்றாங்கக்கா. நீ குடுத்தது போயிரும்க்கா."

"போனாப் போகுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் என் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நான் கிட்னிய ஒனக்குக் குடுத்தனா, ஒன்னையக் கிட்னிக்குக் குடுத்தனா? சொல்லு சாமி. நீ மண்ணுக்குள்ள போயிட்டா அத நான் எடுத்துக் கழுவி மறுபடியும் மாட்டிக்கப் போறனா?"

பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து மாற்றிக்கொண்டிருந்த நர்ஸம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு வலித்தது, வலியில் அழுதேன். அக்கா என் கன்னத்தைத் துடைக்கக் கையை நீட்டி, தொடக் கூடாதோ என்று பாதியில் நிறுத்தி நர்ஸம்மாவைப் பார்த்தாள். "கை கழுவிட்டீங்கல்ல, தொடுங்கம்மா" என்றார் அவர். அக்காவின் விரலில் சோப்பு வாசம் அடித்தது.

"சொவரு இருந்தாத்தாண்டா சித்தரம். டாக்டரம்மா சொல்றபடி கேளு. வெசனப்படாத கண்ணு. சரசு பாவம், அவளப் போயி வையறியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். டாக்டரம்மா வந்ததும், எதை நிறுத்தினாலும் சரிதான் என்று சொன்னேன். மறுநாள் சரசு வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சொன்னபடி கேட்டதால் உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிரஷர் மெல்ல நின்றது, ஆனால் மூத்திரம் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை காய்ந்து கிடந்தது. இனி பார்க்கவே மாட்டேன் என்று நினைத்திருந்த டயாலிசிஸ் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதன் சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கிட்னிக்கு ஓய்வு கொடுக்கத்தான் இது, அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நம்பியும் நம்பாமலும் படுத்திருந்தேன்.

கல்ச்சர் முடிவு வந்தது. இன்ன கிருமி, இன்ன மருந்துக்குச் சாகும் என்று தெரிந்ததும், எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்த மருந்தை நிறுத்திவிட்டு, அதற்கென்றே உள்ள மருந்துக்கு மாற்றினார்கள். தேவையில்லாமல் பெரிய மருந்தை ஓட்டினால் அடுத்த முறை அதற்கும் அடங்காத கிருமி வந்து சேருமாம். சரசு தினமும் பாதத்தைத் தேய்த்துவிடுவாள். அக்கா உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் முதலில் குனிந்து பையைத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஊர்க்கதை பேசுவாள். எந்த வீட்டில் ஆடு குட்டி போட்டது, யார் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்தார் என்று என்னென்னவோ. அவள் போன பிறகு அவள் சொன்னதில் ஒன்றும் மனதில் நிற்காது. அவள் குரல் மட்டும் காதில் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு காலையில் நர்ஸம்மா பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கொஞ்சம், கலங்கலாக. மத்தியானத்துக்குள் இன்னும் கொஞ்சம். எங்கள் லைனில் பிள்ளை பிறந்தால்கூட இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. சரசு படிக்கட்டில் ஓடிப்போய் மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் டீக்கடையில் இருந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாராம். "என்ன விசேஷங்க?" என்று கேட்டவர்களிடம், "மச்சினன் ஒண்ணுக்குப் போயிட்டானுங்க" என்றாராம்.

மூத்திரம் தேறி, டயாலிசிஸ் நின்று, வீடு திரும்பிய பிறகும் கொஞ்ச நாள் யாரையும் கிட்டே விடக் கூடாது என்றார்கள். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சும் திருநீறும் கொண்டு வருவார்கள், கூடவே இருமலையும் கொண்டு வருவார்கள். சரசு வாசலிலேயே நின்று தடுத்துவிட்டாள். அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. பத்தடி தள்ளி நின்று, "ஏனுங்ண்ணா, ஒண்ணுக்கு நல்லாப் போறீங்களா?" என்று லைனுக்கே கேட்கும்படி விசாரித்தார்கள். நானும் உள்ளிருந்து கத்திப் பதில் சொன்னேன். வெட்கம், மானம் எல்லாம் ஐ.சி.யூ.வோடு போய்விட்டது.

பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கேட்க வந்த அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலிலும் நடுங்கினால், மூச்சு வாங்கினால், பேச்சு மாறினால், மூத்திரம் குறைந்தால் அன்றே இறங்கிவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் கிட்னி மாற்றிய உடம்பு என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, டாக்டர் நிறுத்தினால் நீங்களாகப் போடவும் கூடாது. இதில் இரண்டாவது புத்தி எனக்கு அக்காவின் அதட்டலில்தான் வந்தது.

ஒன்றை மட்டும் நான் அக்காவிடம் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். மாத்திரைகளைத் திரும்ப ஆரம்பித்த பிறகு, டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னது அது. கிட்னி பிழைத்துவிட்டது, ஆனால் பழைய பலம் இல்லை. கொஞ்சம் அடிபட்டுவிட்டது. பல வருடம் ஓடலாம், ஓடாமலும் போகலாம். சரசுவுக்குத் தெரியும். அக்காவுக்கு எப்படிச் சொல்வது? அவள் முழுசாகக் கொடுத்தாள். நான் குறையாக்கி வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவள் வந்திருந்தாள். அடுப்படியில் சரசுவோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். சரசுவின் கை நின்றுவிட்டது. அக்கா உரிப்பதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட இருக்கறதும் ஒண்ணுதாண்டா" என்றாள். "அதுக்கும் வயசாவுது. ரெண்டும் ஒரே வவுத்துல ஒண்ணா வளந்ததுதான? ஒண்ணாவே கெழடாவட்டும், உடு."

பிறகு ஒரு கை அவரைக்காயை அள்ளி என் பக்கம் தள்ளி, சும்மா நிற்காமல் உட்கார்ந்து உரிக்கச் சொன்னாள்.